கேசட் நிரம்பிவிட்டது

அப்பா: இங்கே விடிகாலை மணி நாலேகால். யார் போனது, அதை முதலில் சொல்.

மகன்: யாரும் போகவில்லைப்பா. கேசட் நிரம்பிவிட்டது.

அப்பா: எது நிரம்பிவிட்டது?

மகன்: வண்டியில் இருக்கிற கேசட். நாங்கள் நாலு பேர், உள்ளேயே படுத்துத் தூங்குகிற கேம்பர்வேன் எடுத்துக்கொண்டு, ஆஸ்திரேலியக் கடலோரமாகப் போகிற கிரேட் ஓஷன் ரோட்டில் வந்திருக்கிறோம். இப்போது போர்ட் கேம்ப்பெல். காலையில் எழுந்தால் சிவப்பு விளக்கு எரிகிறது. இங்கே பத்து மணிக்குள் இடத்தைக் காலி செய்ய வேண்டும், இன்னும் கால் மணி நேரம்தான். இந்த விஷயத்தில் உங்களுக்குத்தான் முப்பது வருட அனுபவம், அதனால்தான் கூப்பிட்டேன்.

அப்பா: (தூக்கம் கலைந்து குரலில் பெருமை ஏறுகிறது) அது உண்மைதான். அலமாரியில் இன்னும் இருநூற்றுச் சொச்சம் வைத்திருக்கிறேன். உன் அம்மா தூக்கிப் போடச் சொல்லிக் கரைச்சல் கொடுக்கிறாள். நான் விடவில்லை.

மகன்: இங்கே ஒன்றுதான் இருக்கிறது. அதற்குத்தான் சண்டையே.

அப்பா: நாலு பேருக்கு ஒரு கேசட்டா? கஞ்சப் பயல்களா. எவ்வளவு பிடிக்கும்?

மகன்: நாலு பேர் என்றால் இரண்டு நாள் தாங்கும்.

அப்பா: இரண்டு நாளா! நம்மிடம் இருப்பது அதிகபட்சம் 90 நிமிடம்தான். வெளிநாட்டுச் சாமான் வெளிநாட்டுச் சாமான்தான். சரி, யார் நிரப்பியது?

மகன்: எல்லாரும்தான். நேற்று ராத்திரி எங்களோடு வந்த கணக்குப்பிள்ளை மட்டும் நாலு தடவை.

அப்பா: நடுராத்திரியிலா? மற்றவர்கள் தூங்க வேண்டாமா?

மகன்: என் தலைமாட்டில்தான் இருக்கிறது. ஒவ்வொரு தடவையும் கேட்டது.

அப்பா: சுதி சேர்ந்திருந்ததா?

மகன்: என்னப்பா?

அப்பா: ஒன்றுமில்லை. நிரம்பினால் என்ன, எடுத்துத் திருப்பிப் போடு. அந்தப் பக்கம் காலியாக இருக்கும்.

மகன்: திருப்பிப் போட்டால் கதை கந்தல். வெளியே இழுத்து எடுக்கவே பயமாக இருக்கிறது.

அப்பா: சிக்கிக்கொண்டதா? அதற்கு ஒரு பக்குவம் இருக்கிறது. இரண்டு சக்கரம் தெரிகிறதா?

மகன்: அடியில் இருக்கிறது, இரண்டு சக்கரம்.

அப்பா: பென்சிலை உள்ளே விட்டு மெதுவாகச் சுற்று.

மகன்: பென்சிலா?

அப்பா: பென்சில் இல்லாவிட்டால் சுண்டுவிரலை விடு.

மகன்: அப்பா!

அப்பா: எதற்குக் கத்துகிறாய்? நான் எத்தனை தடவை விட்டிருக்கிறேன்.

மகன்: அப்பா, இது பாட்டுக் கேசட் இல்லை. கக்கூஸ் கேசட். வண்டிக்குள் கக்கூஸ் இருக்கிறது. அதற்கு அடியில் பெட்டி போல ஒன்று, பதினேழு பதினெட்டு லிட்டர் பிடிக்கும். அதற்குப் பெயர் கேசட். இழுத்து எடுத்து, டம்ப் பாயின்ட் வரைக்கும் உருட்டிக்கொண்டு போய், கொட்டிக் கழுவி, நீல மருந்து ஊற்றித் திரும்ப மாட்ட வேண்டும்.

(நெடுநேரம் சத்தம் இல்லை. மாயவரத்தில் ஒரு மின்விசிறி மட்டும் கிறீச்சிடுகிறது.)

அப்பா: சுதி சேர்ந்திருந்ததா என்று கேட்டதை மறந்துவிடு.

மகன்: சரிப்பா.

அப்பா: மூன்று படுக்கையறை வீட்டுக்கு மாதாமாதம் தவணை கட்டிவிட்டு, கக்கூசுக்குத் தலைவைத்துப் படுக்கப் போயிருக்கிறாய். மற்ற மூன்று பேர் எங்கே?

மகன்: கேமராக்காரன் சூரிய உதயம் எடுக்கப் போனவன் இன்னும் வரவில்லை.

அப்பா: பத்து மணிக்கு என்ன உதயம்?

மகன்: இன்னொருவன் முதுகுவலி. குனிய முடியாதாம். நேற்று கிப்சன் படிக்கட்டு 86 படியும் இறங்கி ஏறினான், செல்ஃபிக்காக. அப்போது முதுகு இருந்ததே தெரியவில்லை.

அப்பா: வண்டி ஓட்டுவது யார்?

மகன்: நான்தான். ஒரு பக்கம் மலை, ஒரு பக்கம் கடல், பின்னால் இருபது கார். மெதுவாகப் போகிற வண்டி ஒதுங்கி வழிவிட அங்கங்கே இடம் விட்டிருக்கிறார்கள். பார்த்த இடத்தில் எல்லாம் ஒதுங்கிவிட்டேன். மூன்று பேரும் "கடலைப் பாருடா, கடலைப் பாருடா" என்கிறார்கள். நான் கடலைப் பார்த்தால் அப்புறம் எல்லாரும் கடலில்தான் இருப்போம்.

அப்பா: ரோடு நல்ல ரோடா?

மகன்: முதல் உலகப் போரில் இருந்து திரும்பிய சிப்பாய்கள் போட்டது. சுமார் 3,000 பேர். 1919-ல் ஆரம்பித்து 1932 வரைக்கும் கடப்பாரை, மண்வெட்டி, வெடிமருந்து, குதிரை வண்டி, கிட்டத்தட்ட அவ்வளவுதான். செத்துப்போன கூட்டாளிகளுக்கு நினைவுச் சின்னமாகவே மொத்த ரோட்டையும் வைத்தார்கள்.

அப்பா: அந்த 3,000 பேரில் ஒருவனுக்கும் முதுகுவலி வரவில்லையா?

மகன்: (பதில் இல்லை)

அப்பா: சரி, கேமராக்காரன் எதைத்தான் அப்படி எடுக்கிறான்?

மகன்: 12 அப்போஸ்தலர்கள். கடலுக்குள் தூண் தூணாகச் சுண்ணாம்புப் பாறை. அலை கரையை அரித்து அரித்துத் தனியாக நின்றுபோனது.

அப்பா: பன்னிரண்டும் தெரிகிறதா?

மகன்: எட்டுதான் இருக்கிறது.

அப்பா: மிச்சம் நாலு?

மகன்: பன்னிரண்டு என்றைக்குமே இருந்ததில்லையாம். ஒன்பது இருந்தது. 2005-ல் ஒன்று சரிந்து விழுந்துவிட்டது.

அப்பா: ஒன்பதைப் பன்னிரண்டு என்று எழுதி, எட்டைக் காட்டுகிறார்கள். எங்கள் நகராட்சி வருகைப் பதிவேட்டை இவர்களிடம்தான் கொடுத்துவைத்தார்களோ?

மகன்: அதற்கு முன்னால் வேறு பெயர் இருந்ததாம். பன்றியும் குட்டிகளும். அப்படிச் சொன்னால் யார் வருவார்கள் என்று சுற்றுலாவுக்காக மாற்றிவிட்டார்கள்.

அப்பா: பாறை அதேதான்?

மகன்: அதேதான்.

அப்பா: நல்லது. மூன்றாவது ஆள், அந்தக் கணக்குப்பிள்ளை? நாலு தடவை போனவன்?

மகன்: அவன்தான் செலவையெல்லாம் ஆப்பில் போடுகிறான். டீசல், பார்க்கிங், காபி எல்லாம் நாலாகப் பிரித்து சென்ட் வரைக்கும் கணக்கு. என் காபியில் கூடுதல் பால் 70 சென்ட், அதைத் தனியாக என் பெயரில் எழுதிவிட்டான்.

அப்பா: கேசட்டை நாலாகப் பிரித்தானா?

மகன்: அதற்கு ஆப்பில் இடம் இல்லையாம். "நீ ஒரு தடவை எடு, எங்கள் வீட்டில் இதெல்லாம் பழக்கமில்லை" என்கிறான்.

அப்பா: எந்த ஊர் அவன்?

மகன்: நம் ஊர்தான். அவன் தாத்தா வீடு கடைத்தெருவுக்குப் பின்னால், அந்தப் பெரிய திண்ணை வீடு.

அப்பா: தெரியும். 1979-ல் சானிட்டரி இன்ஸ்பெக்டராக நான் சேர்ந்தபோது அந்தத் தெரு முழுக்க எடுப்புக் கக்கூஸ். கொல்லைப் பக்கம் ஒரு சந்து. விடிகிறதற்கு முன்னால் வாளியும் தகரமுமாக ஒரு அம்மா அந்தச் சந்து வழியாகத்தான் வரும், அந்த வழியாகத்தான் போகும். முன்வாசல் எப்படி இருக்கும் என்றே அதற்குத் தெரியாது. அவன் வீட்டில் பழக்கமில்லை என்றா சொன்னான்? பழக்கம் உண்டு. போடுகிற பழக்கம். எடுக்கிற பழக்கம்தான் இல்லை.

மகன்: ...

அப்பா: கையால் மலம் அள்ள ஆள் வைக்கக் கூடாது என்று டெல்லியில் 1993-ல் சட்டம் போட்டார்கள். போதவில்லை என்று 2013-ல் இன்னொன்று போட்டார்கள். இன்னொரு பக்கம் எங்கள் ஆட்களுக்குப் பெயர் மாற்றிக்கொண்டே இருந்தார்கள். துப்புரவுப் பணியாளர் என்றார்கள், தூய்மைப் பணியாளர் என்றார்கள். உன் பன்றிக்குட்டிப் பாறை மாதிரிதான். எனக்கு முப்பது வருட அனுபவம் என்றாயே, எனக்கு என்னடா அனுபவம்? சந்து முனையில் மூக்கில் கைக்குட்டையோடு நின்று நோட்டில் கையெழுத்துப் போட்டவன் நான். அனுபவம் அந்த அம்மாவுக்கு.

(மகன் ஜன்னல் வழியே பார்க்கிறான். கணக்குப்பிள்ளை மடக்கு நாற்காலியில் உட்கார்ந்து, காலை ஆட்டிக்கொண்டு, செல்லில் எதையோ கூட்டிக்கொண்டிருக்கிறான். நாலு பேர் சேர்ந்து போகிற எந்தப் பயணத்திலும் அந்த நாற்காலியை விரிப்பது ஒருவன், மடக்குவது இன்னொருவன். உட்காருகிறவன் மூன்றாமவன்.)

மகன்: இப்போது என்ன செய்வதுப்பா? மணி 9.54.

அப்பா: ஆப்பைத் திறக்கச் சொல். அதில் ஒரு வரி சேர்: "கேசட் எடுப்பு, ஒரு தடவைக்கு 200 டாலர்." நாலாகப் பிரி. எடுக்கிறவனுக்கு மொத்தமும் போகட்டும்.

மகன்: 200 டாலரா? யாரும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள்.

அப்பா: ஒத்துக்கொள்ளாவிட்டால் அவனவன் தூக்கட்டும். காசுக்கு ஆள் கிடைக்காத ஊரில்தான் இந்த வேலைக்கு என்ன விலை என்று தெரியும்.

(செல்லைக் கீழே வைத்துவிட்டு மகன் வெளியே போகிறான். பேச்சுச் சத்தம். நாற்காலி மடங்குகிற சத்தம். திரும்பி வருகிறான்.)

மகன்: 200 டாலர் என்றதும் எழுந்துவிட்டான்ப்பா. தானே எடுக்கிறானாம். 150 லாபம் என்று கூட்டியே காட்டிவிட்டான்.

அப்பா: பழக்கமில்லை என்றானே?

மகன்: கையுறை போட்டுக்கொண்டு இழுக்கிறான். எப்படிக் கொட்டுவது என்று கேட்கிறான்.

அப்பா: காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று முதலில் பார்க்கச் சொல். கடற்கரை ஊர். எதிர்க்காற்றில் நின்றால் 150 டாலரும் சட்டைக்குச் சரியாகப் போய்விடும். பெட்டியில் காற்று விடுகிற பொத்தான் ஒன்று இருக்கும், அதை அழுத்திக்கொண்டே சாய்த்தால் தெறிக்காது.

மகன்: இது எப்படிப்பா தெரியும்?

அப்பா: மண்ணெண்ணெய் டின்னில் இரண்டாவது ஓட்டை எதற்குப் போட்டோம்? இரு, உன் அம்மா எழுந்துவிட்டாள். யார் போனது என்று கேட்கிறாள்.

மகன்: என்ன சொன்னீர்கள்?

அப்பா: யாரும் போகவில்லை, கேசட் நிரம்பிவிட்டதாம், நாற்றம் தாங்காமல் தூக்கிக் கொட்டப் போகிறார்களாம் என்றேன்.

மகன்: அதற்கு?

அப்பா: சாக்கு எடுத்துக்கொண்டு என் அலமாரிப் பக்கம் போகிறாள்டா. வை போனை!