கோட்டு தைப்பதில்லை

தார்க்காரர்: அக்கா, மெட்டீரியல் மிச்சம் இருக்கிறது. வெளியே வண்டியிலேயே நிற்கிறது. சரி என்று சொன்னால் இன்றைக்கே முடித்துவிடலாம்.

டெய்லர் அக்கா: எத்தனை மீட்டர் இருக்கும்?

தார்க்காரர்: மீட்டர் இல்லை அக்கா, டன். பத்து டன்.

அக்கா: (மெஷினை நிறுத்திவிட்டு) பத்து டன்னா! என்ன கலர்?

தார்க்காரர்: கறுப்புதான். வேறு கலர் ஏது?

அக்கா: கறுப்பா... கார்த்திகைக்கு மாலை போடுகிறவர்கள் கேட்பார்கள், சரி. ஆனால் பத்து டன் துணிக்குச் சேலம் ஜில்லாவே மாலை போட வேண்டுமே தம்பி.

தார்க்காரர்: மாலையெல்லாம் எதற்கு, ஒரு எலுமிச்சம்பழம் நசுக்கினால் போதும். முதலில் ஒரு கோட்டு அடித்துவிட்டு, மேலே மெட்டீரியல்.

அக்கா: கோட்டு நான் தைப்பதில்லை. ரவிக்கை, சுடிதார், பள்ளிக்கூட யூனிஃபார்ம், யாராவது ரொம்பக் கெஞ்சினால் ஆண்கள் சட்டை. அவ்வளவுதான்.

தார்க்காரர்: தைக்க வேண்டாம் அக்கா. சூடாக இருக்கும்போதே விரித்து, எட்டு டன் ரோலரை ஏற்றினால்தான் படியும்.

அக்கா: இஸ்திரிப் பெட்டி போதாதா?

தார்க்காரர்: அக்கா, நீங்கள் சொன்ன சுடிதாரில் எனக்குப் பின்பாதிதான் தெரியும். தார். உங்கள் தடத்துக்குத் தார் போட வந்திருக்கிறேன்.

(இந்த இடத்தில் சிரித்தது நான் மட்டும்தான். "ரொம்பக் கெஞ்சினால்" என்று சொன்னார்களே, அந்தச் சட்டைக்காரன் நான்தான். காலையிலேயே ரெடி என்றார்கள், மணி மூன்று ஆகிறது, திண்ணையில் உட்கார்ந்திருக்கிறேன். ஏற்காடு அடிவாரத்தில் மாந்தோப்புக்குள் வீடு. கேட்டிலிருந்து வாசல் வரை செம்மண் தடம். மழை பெய்தால் ஸ்கூட்டியில் வருகிற பெண்கள் புதுத் துணியைத் தலைமேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு நடந்துதான் வர வேண்டும்.)

அக்கா: ஓ, தாரா? நல்லதுதான். நீளம் அகலம் பார்த்தீர்களா?

தார்க்காரர்: அதெல்லாம் கண்ணளவிலேயே தெரியும் அக்கா.

அக்கா: கண்ணளவில் ரவிக்கை தைத்துக் கொடுத்தால் என்னை விளக்குமாற்றால் அடிப்பார்கள். இந்தாருங்கள் டேப்.

தார்க்காரர்: இந்த டேப் அஞ்சு அடிதானே?

அக்கா: அறுபது தடவை வையுங்கள். வேண்டாம், நானே சொல்கிறேன். நீளம் 300 அடி, அகலம் 10 அடி. 3,000 சதுர அடி. எத்தனை இன்ச் கனம் போடுவீர்கள்?

தார்க்காரர்: இரண்டு இன்ச் அக்கா! குறையவே குறையாது.

அக்கா: ரோலர் ஏறுவதற்கு முன்னாலா, பின்னாலா?

தார்க்காரர்: ...முன்னால். ஏறினால் ஒன்றரைக்கு வரும். அது எல்லா இடத்திலும் அப்படித்தான்.

அக்கா: காட்டன் துணி தண்ணீரில் சுருங்கும் என்று தெரிந்துதான் நாங்கள் நனைத்துக் காயப்போட்டு அப்புறம் அளவு எடுக்கிறோம். நீங்கள் சுருங்குவதற்கு முந்தின அளவுக்குக் காசு வாங்குகிறீர்கள். சரி, இறுகினபின் இரண்டு இன்ச் நிற்க வேண்டும் என்றால் ஒரு டன் எத்தனை சதுர அடிக்கு வரும்?

தார்க்காரர்: தொண்ணூறு வரும் அக்கா.

அக்கா: (சாக்பீஸை எடுத்துக் கட்டிங் மேசையிலேயே கணக்குப் போடுகிறார்) 3,000 சதுர அடிக்கு 33 டன். வண்டியில் இருப்பது பத்து. அப்படியென்றால் அரை இன்ச்சுக்குக் கொஞ்சம் மேலே, முக்கால் இன்ச்சுக்குக் கீழே. அதில் இருக்கிற ஜல்லி என்ன சைஸ்?

தார்க்காரர்: அரை இன்ச் ஜல்லி.

அக்கா: ஆக, ஒரு ஜல்லி கனத்துக்கு ரோடு. தட்டுவடைகூட இதைவிடக் கனமாகத் தட்டுகிறார்கள்.

தார்க்காரர்: அட, நானே அதைத்தான் சொல்ல வந்தேன்! தட்டுவடை செட் மாதிரிதான் அக்கா ரோடு. இரண்டு தட்டுக்கு நடுவில் சட்னி இருக்கிறதே, அதுதான் நான் சொன்ன கோட்டு. அது இருந்தால்தான் மேல் தட்டு கீழ்த் தட்டோடு ஒட்டும்.

அக்கா: மேல் தட்டு உங்கள் வண்டியில் இருக்கிறது. சட்னி டப்பாவில் இருக்கிறது. கீழ்த் தட்டு எங்கே?

தார்க்காரர்: கீழே... தடம் இருக்கிறதே.

அக்கா: அது மண் தம்பி. மண்மேல் சட்னி ஊற்றி வைத்தால் சேலத்தில் ஒருத்தன் சாப்பிடுவானா? கீழே ஜல்லி விரித்து, தண்ணீர் விட்டு, ரோலர் ஓட்டி ஒரு ஆறு இன்ச் இறுகின பிறகுதானே மேலே கறுப்பு வர வேண்டும்? லைனிங் கொடுக்காமல் பட்டு ரவிக்கை தைத்த மாதிரி இருக்கிறது. முதல் தடவை கையைத் தூக்கினால் போச்சு.

தார்க்காரர்: ஜல்லி போட்டால் செலவு ஆகும் அக்கா. உங்களுக்காகத்தான் பார்க்கிறேன்.

அக்கா: மலைத் தண்ணீர் இந்த வழியாகத்தான் இறங்குகிறது. நடுவை எத்தனை உயர்த்துவீர்கள்?

தார்க்காரர்: பத்தடி அகலத்துக்கு நடுவில் ஒன்றரை இன்ச் மேடு இருந்தால் இரண்டு பக்கமும் தண்ணீர் வடிந்துவிடும். அது தெரியும் அக்கா எனக்கு, சத்தியமாகத் தெரியும்.

அக்கா: முக்கால் இன்ச் சரக்கில் ஒன்றரை இன்ச் மேடா! கோட்டு வேண்டுமானால் நானே தைத்துக் கொடுக்கிறேன், இந்த வித்தையை மட்டும் எனக்குக் கற்றுக் கொடுங்கள்.

தார்க்காரர்: (வாசலைத் திரும்பிப் பார்த்துக்கொண்டே) அக்கா, கொஞ்சம் சீக்கிரம் சொல்லுங்கள். பிளான்டில் 150 டிகிரியில் ஏற்றினது. நூறுக்குக் கீழே இறங்கிவிட்டால் ரோலர் ஏறினாலும் சரியாக இறுகாது.

அக்கா: எத்தனை மணிக்கு ஏற்றினது?

தார்க்காரர்: தார்ப்பாய் போட்டு நன்றாக மூடித்தான் வைத்திருக்கிறேன்.

அக்கா: நான் மணி கேட்டேன்.

தார்க்காரர்: ...எட்டு.

அக்கா: காலை எட்டா? அதற்குள் நான் மூன்று ரவிக்கை முடித்துவிட்டேன்.

(என் சட்டை அந்த மூன்றில் இல்லை.)

அக்கா: அது சரி, மிச்சம், மிச்சம் என்கிறீர்களே, எதில் மிஞ்சினது?

தார்க்காரர்: தார் என்றாலே மிச்சம்தான் அக்கா. கச்சா எண்ணெயில் பெட்ரோல், டீசல், மண்ணெண்ணெய் எல்லாம் எடுத்த பிறகு அடியில் நிற்கிறதே, அதுதான் இது.

அக்கா: அது எண்ணெய்க் கம்பெனி மிச்சம். வண்டியில் இருப்பது யார் மிச்சம்?

தார்க்காரர்: கேட்டுக்கு வெளியே ரோடு போடுகிறோம் இல்லையா, அதில்தான்...

அக்கா: அந்த ரோட்டுக்கு நீளம் அகலம் கனம் எல்லாம் பார்த்து, இத்தனை டன் என்று எழுதித்தானே லோடு வருகிறது? ஒரு கூடை மிஞ்சலாம், இரண்டு கூடை மிஞ்சலாம். பத்து டன் எப்படி மிஞ்சும்?

தார்க்காரர்: மிஞ்சும் அக்கா. பார்த்துப் போட்டால் மிஞ்சும்.

அக்கா: நான் முப்பது வருஷமாகத் துணி வெட்டுகிறேன் தம்பி. இரண்டரை மீட்டர் கொடுத்த இடத்தில் அரை மீட்டர் மிஞ்சினால், ஒன்று துணி கூட வந்திருக்க வேண்டும், இல்லை சட்டை சின்னதாகப் போயிருக்க வேண்டும். ரோடு சின்னதாகப் போயிருக்கிறது.

தார்க்காரர்: நீங்கள் மட்டும் என்ன? இந்த அண்ணன் சாய்ந்திருக்கிறாரே, அந்தத் தலையணை உறை எந்தக் கடையில் வாங்கினது?

(திரும்பிப் பார்த்தேன். நீலக் கட்டம். போன தீபாவளிக்கு நான் கொடுத்த சட்டைத் துணியும் நீலக் கட்டம்தான். ஒன்றும் சொல்லவில்லை. இந்தச் சட்டை கைக்கு வர வேண்டுமே.)

அக்கா: வெட்டுப்பீஸ். துணிக்காரர் இதோ உட்கார்ந்திருக்கிறார், வாய் இருக்கிறது, கேட்டால் கழற்றிக் கொடுத்துவிடுவேன். அந்த ரோட்டுக்காரர் யார், எங்கே உட்கார்ந்திருக்கிறார், யார் வந்து உங்களைக் கேட்கப் போகிறார்? அந்த ரோட்டில் தினமும் போகிறவள் நான். என் ரோட்டையே கிழித்து எனக்கு விற்க வந்திருக்கிறீர்கள்.

தார்க்காரர்: (கொஞ்ச நேரம் கழித்து) கடைசியாகச் சொல்கிறேன் அக்கா, விலையில் குறைத்துக்கொள்ளலாம்.

அக்கா: தை பிறக்கட்டும். ஜல்லியோடு, 33 டன்னோடு, பில்லோடு வாருங்கள். இப்போது இதைக் கொண்டுபோய் எங்கே மிஞ்சினதோ அங்கேயே விரித்துவிடுங்கள்.

தார்க்காரர்: சரி அக்கா. அப்புறம்... என் பேன்ட்டில் இந்த ஓரம் பிரிந்திருக்கிறது. ஒரு தையல் போட்டுக் கொடுத்தால்...

அக்கா: நூல் மிச்சம் இல்லை.

லாரி கிளம்பிப் போனது. அக்கா மெஷினை மிதிக்க ஆரம்பித்தார். ஒரு கால் மணி நேரம் இருக்கும், இரண்டு தோப்பு தள்ளி ரோலர் சத்தம் கேட்டது.