கரண்ட் போனால் ஃபிரிட்ஜை ஏன் திறக்கிறீர்கள்?

புயல் மழையில் கரண்ட் போவதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம், போன அடுத்த நிமிடமே ஆளாளுக்கு ஃபிரிட்ஜைத் திறந்து எட்டிப் பார்ப்பதைத்தான் தாங்க முடியவில்லை. மூடியே வைத்தால் உள்ளே குளிர் சுமார் 4 மணி நேரம் நிற்கும், நிறைந்த ஃப்ரீசர் என்றால் 48 மணி நேரம் வரைகூடத் தாங்கும், சொன்னால் யார் கேட்கிறார்கள்? அதைவிட வயிற்றைக் கலக்குவது, மழையில் நனையுமே என்று ஜெனரேட்டரை வீட்டுக்குள் இழுத்து வைத்து ஓட்டுவது. அந்தப் புகையில் வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை, தூங்குகிறவர்கள் தூக்கத்திலேயே போய்விடுவார்கள். ஜன்னலைத் திறந்து வைத்தால் போதாது ஐயா, வெளியே, வீட்டை விட்டு நன்றாகத் தள்ளி வையுங்கள். அப்புறம் திரைச்சீலைக்குப் பக்கத்திலேயே மெழுகுவர்த்தி வேறு! ஒரு டார்ச்சுக்கு பேட்டரி போட்டு வைக்க அப்படி என்ன கஷ்டம்?