இலவச அரிசியால்தான் துரித உணவகங்களுக்கு ஆள் கிடைக்கவில்லையா?

"ரேஷனில் அரிசி சும்மா கிடைப்பதால் தருமபுரி, கிருஷ்ணகிரி இளைஞர்கள் வேலைக்கு வருவதில்லை, நெடுஞ்சாலைத் துரித உணவகங்கள் ஆளின்றித் தவிக்கின்றன" என்றொரு செய்தி வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. ஆள் பற்றாக்குறை உண்மை. சொல்லப்படும் காரணம் தவறு.

விலையில்லா அரிசித் திட்டம் 2011 ஜூனில் மாநிலம் முழுவதற்கும் வந்தது; இந்த இரு மாவட்டங்களுக்கு மட்டும் உரியதல்ல. அரிசி கிடைத்தாலும், வண்டிக்குப் பெட்ரோலைக் காசு கொடுத்துத்தான் போட வேண்டும். ரேஷன் அரிசியே இல்லாத அமெரிக்காவிலும் துரித உணவகங்களில் ஆட்கள் நிலைப்பதில்லை.

இளைஞர்கள் வேலைக்குப் போகாமலும் இல்லை. பாலக்கோடு, இராயக்கோட்டை சாலையோரங்களில் விடியற்காலையில் கம்பெனிப் பேருந்துக்காக நிற்பவர்கள், ஓசூர்த் தொழிற்சாலைகளில் ஷிப்ட் நேரம், கேன்டீன் சாப்பாடு, பி.எஃப். (வருங்கால வைப்பு நிதி), இ.எஸ்.ஐ. (தொழிலாளர் காப்பீடு) ஆகியவற்றைக் கணக்கிட்டே போகிறார்கள். உணவகத்திலோ கொதிக்கும் எண்ணெய்ச் சட்டிக்கு முன்னால் மணிக்கணக்கில் நின்று, கூட்டம் ஓய்ந்தபின் தரையையும் கழுவிவிட்டுக் கிளம்பும்போது ஊருக்குக் கடைசிப் பேருந்து போயிருக்கும்; பண்டிகை நாளில் விடுப்பும் அரிது. 20 பேருக்குக் குறைவாக வேலை செய்யும் கடைகளுக்குப் பி.எஃப். பொதுவாகக் கட்டாயமில்லை என்பதையும் சேர்த்துப் பார்த்தால், இதைச் சோம்பல் என்பது நியாயமாகாது.

இச்செய்தியை மேலும் பகிர வேண்டாம். உணவகப் பணியாளர்களுக்கான குறைந்தபட்ச ஊதியத்தைத் தமிழ்நாடு தொழிலாளர் துறையின் இணையதளத்திலும், பி.எஃப்., இ.எஸ்.ஐ. விதிகளை அவற்றை நடத்தும் அரசு அமைப்புகளின் இணையதளங்களிலும் சரிபார்க்கலாம்.