ஆளுக்கு ஒரு புது மாத்திரையா?

பெர்சனலைஸ்டு மெடிசின்னா நம்ம டிஎன்ஏவ பாத்து நமக்குன்னே புது மாத்திரை செஞ்சு தருவாங்கன்னு மேல ஒருத்தர் போட்டிருக்காரு, நிறைய பேர் ஷேரும் பண்றீங்க. அப்படி இல்லைங்க. நோயாளியோட சொந்த செல்ல எடுத்து செய்ற கார்-டிங்கற புற்றுநோய் சிகிச்சை மாதிரி சிலது இருக்கு, ஆனா பெரும்பாலும் ஏற்கனவே இருக்கற மருந்துல யாருக்கு எது, எவ்வளவு டோஸ்னு பாக்கறதுதான். ரத்தம் கட்டாம இருக்க குடுக்கற குளோபிடோக்ரெலையே எடுத்துக்கோங்க, கல்லீரல்ல சிஒய்பி2சி19ங்கற என்சைம் அத மாத்தினாதான் வேலையே செய்யும், அந்த என்சைமுக்கான ஜீன் ரெண்டு காப்பியும் வேலை செய்யாதவங்களுக்குப் பலன் கம்மின்னு அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2010லயே லேபிள்ல கட்டம் போட்டு எச்சரிக்கை சேத்துடுச்சு, அவங்களுக்கு டாக்டர் எழுதறதும் ஏற்கனவே விக்கற வேற மருந்துதான். சந்தேகம்னா அமெரிக்க மருந்து லேபிள்கள் இருக்கற டெய்லிமெட் சைட்ல குளோபிடோக்ரெல்னு தேடுங்க, லேபிளோட ஆரம்பத்துலயே அந்தக் கட்டம் இருக்கும்.