15 ஆண்டு முடிந்த காரை உடைத்தே ஆக வேண்டும் என்பது சரியல்ல

15 ஆண்டு முடிந்த காரைச் சட்டப்படி உடைத்தே ஆக வேண்டும், ஆகவே வந்த விலைக்குத் தள்ளிவிடுங்கள் என்று நண்பர் ஒருவர் எழுதியிருப்பது தவறு. தமிழ்நாட்டில் தனியார் காரின் பதிவு 15 ஆண்டில் முடிந்தாலும், வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் தகுதிச் சோதனையில் தேறி, பழைய வண்டிகளுக்கான பசுமை வரியும் கட்டினால், ஐந்தைந்து ஆண்டுகளாகப் புதுப்பித்துக்கொள்ளலாம். 2023 ஏப்ரலில் வந்த, 15 ஆண்டு முடிந்த வண்டியை உடைத்தே ஆக வேண்டும் என்ற விதி அரசு வாகனங்களுக்கானது. குறிப்பிட்ட வயதைக் கடந்த வண்டியை ஓட்டக் கூடாது என்ற தடை டெல்லி வட்டாரத்துக்கு உரியது. இந்தப் பயத்தில் நல்ல காரை அடிமாட்டு விலைக்கு விட்டவர்களைப் பார்த்து மனம் நொந்துதான் எழுதுகிறேன்.

காரை வைத்துக்கொள்வதா விற்பதா என்று முடிவு செய்ய, ஓடிய கிலோமீட்டரை மட்டும் பார்க்காமல், மெக்கானிக்கிடம் காரை லிஃப்டில் ஏற்றி அடிச்சட்டத்தைச் சுத்தியலால் மெல்லத் தட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். இரண்டு லட்சம் ஓடிய என் டீசல் காருக்குச் சைலன்சரும் சஸ்பென்ஷன் புஷ்ஷும் மாற்றியதே போதுமாயிருந்தது. தட்டியதும் துரு செதில் செதிலாக உதிர்கிற காரைத்தான் தயங்காமல் கொடுத்துவிட வேண்டும்.