பூங்காவுக்குள் சைக்கிள் ஏறாது
இலங்கையின் கிழக்கில் இருக்கிற கல்லோயாப் பள்ளத்தாக்கில் மவுண்டன் பைக் ஓடலாம் என்று உங்கட கட்டுரையில் எழுதியிருக்கிறீர்கள். ஆசையாகத்தான் இருக்கு. ஆனால் 1954இல் தேசியப் பூங்காவான பகுதிக்குள் ஜீப்பை விட்டு இறங்கவே விடமாட்டார்கள், சைக்கிளுக்கு எங்கே போறது? கடுக்காய், தான்றி, நெல்லி மூன்றும் நிற்கிற அந்தப் புல்வெளியைச் சைக்கிள்காரர் வெளியில நின்றுதான் எட்டிப் பார்க்கலாம். (கல்லோயா என்கிறது இப்பத்தைய பேர். எங்கட அப்பப்பாவுக்கு அது பட்டிப்பளை ஆறுதான்.)

பூங்காவுக்கு வெளியில என்றால் சைக்கிள் ஓடலாம். போன ஆவணியில் நானும் மச்சானும் மட்டக்களப்பு மாவட்டத்துக் கிரானால குடும்பிமலைப் பக்கம் சைக்கிள் ஓடினோம். கிறவல் றோட்டு, இரண்டு பக்கமும் பாலையும் வீரையும். பாதி வழியில் முள் குத்தி என்ட பின் டியூப் காற்றுப் போச்சு. ஒட்டுப் போட்டுக்கொண்டு இருக்கேக்க மச்சான் ஒன்றும் பேசாமல் கையைக் காட்டினார்: நாலடி தள்ளி யானை லத்தி, இன்னும் ஆவி பறக்குது. மறுகா ஒட்டுக் காயும் மட்டும் யார் நிற்கிறது! உருட்டிக்கொண்டே ஓடினோம்.

போறவங்க விடிய வெளிக்கிட்டுப் பின்னேரம் மூன்று மணிக்கு முதல் கிறுகிடுங்க. மார்கழியில் போகவே வேணாம், அந்த வழியில வாற புலிபாய்ந்தகல்லில் றோட்டுக்கு மேலால வெள்ளம் பாயும்.