பெயர் எழுதினால் பந்து கெட்டுப்போச்சாம்

சனிக்கிழமை நான் போட்ட பந்துப் படத்துக்குக் கீழே நடந்த பஞ்சாயத்தைப் பார்த்தவர்களுக்கு விஷயம் தெரியும். பார்க்காதவர்களுக்குச் சுருக்கமாக: ஒரு பேஸ்பால் கார்டு ஷோவில் முன்னாள் ஆட்டக்காரர் ஒருவர் என் மகனுக்குப் பந்தில் கையெழுத்துப் போட்டு அவன் பெயரையும் எழுதிக் கொடுத்தார், அதைப் பார்த்த ஒரு டீலர் பெயரை எழுதிக் கெடுத்துவிட்டீர்கள் என்றார், கமென்டில் பலர் டீலர் பக்கம் நின்றார்கள். ஒன்றே ஒன்று சொல்லிவிட்டுப் போகத்தான் வந்தேன். ஆட்டோகிராஃப் வாங்கிய பந்தில் வாங்கியவன் பெயரும் இருந்தால் பந்து கெட்டுப்போகாது. அவ்வளவுதான். இதை அன்றைக்கு இரண்டு வரியில் சொன்னேன், 140 கமென்ட் வந்தது. அதனால் இன்றைக்குக் கொஞ்சம் நீளமாக.

"டீலர் சொன்னதுல என்ன தப்பு ப்ரோ, மார்க்கெட் நிலவரத்தைத்தானே சொன்னாரு" என்று ஒரு தம்பி எழுதினார். அதற்கு மட்டும் 38 லைக். லைக் போட்டவர்களில் மூன்று பேர் என் வீட்டுக்கு வந்து சாப்பிட்டுப் போனவர்கள். சந்தோஷம்.

ஊரிலிருந்து "அது என்ன ஷோ?" என்று கேட்டவர்களுக்காக. நியூஜெர்சியில் ஹைவே ஓரத்து ஹோட்டலின் கல்யாண ஹாலை வார இறுதிக்கு வாடகை பிடித்து, நீள நீளமாக மேசை போட்டுக் கடை விரிப்பார்கள். பர்மா பஜார் மாதிரி வைத்துக்கொள்ளுங்கள், ஏசி மட்டும் கூடுதல். ஒரு மேசையில் கண்ணாடிப் பெட்டிக்குள் ஆயிரக்கணக்கான டாலர் விலையில், ஆட்டக்காரர்கள் படம் அச்சடித்த கார்டுகள் இருக்கும், ஒவ்வொன்றும் கெட்டி பிளாஸ்டிக்கில் அடைபட்டு, தலையில் பத்துக்கு இத்தனை என்று மார்க் ஒட்டியிருக்கும். பக்கத்து மேசையிலேயே அட்டைப் பெட்டி நிறைய ஒரு டாலர் கார்டு. நாள் முழுக்கக் குனிந்து கிளறலாம், எனக்குப் பிடித்த இடம் அதுதான், மறுநாள் இடுப்பு பிடித்துக்கொள்ளும். ஹாலின் கோடியில் கறுப்புத் திரை கட்டி, அதற்கு முன்னால் பழைய ஆட்டக்காரர்கள் உட்கார்ந்து கையெழுத்துப் போடுவார்கள். சும்மா இல்லை, டிக்கெட் உண்டு. நாங்கள் கையெழுத்து வாங்கப் போன ஆளுக்கு 45 டாலர். பந்து நாம் கொண்டுபோக வேண்டும். பெயர் எழுதத் தனிக் காசு கிடையாது. வேறு வாசகம் ஏதாவது எழுத வேண்டுமென்றால் இன்னொரு 20 டாலர். இந்த 20 டாலரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வருகிறேன்.

எங்கள் ஆள் எழுபதைத் தாண்டிய முன்னாள் பிட்சர், அதாவது பேஸ்பாலில் பந்து எறிகிறவர். அவர் பெயரை இங்கே இழுக்கவில்லை, இழுத்தால் பேச்சு அவருடைய ரெக்கார்டு பக்கம் போய்விடும். என் மகனுக்கு 11 வயது, அவனும் லிட்டில் லீகில், அதாவது சின்னப் பிள்ளைகளின் பேஸ்பால் லீகில், பந்து எறிகிறவன். அவன் பெயர் என் அப்பா பெயர். இங்கிலீஷில் எழுதினால் அதற்கும் 11 எழுத்து. பள்ளிக்கூடத்தில் இரண்டு எழுத்தாக வெட்டிவிட்டார்கள். போன வருஷம் லீகில் சட்டை முதுகில் பெயர் அடித்தபோதும், இடம் பத்தாது என்று அந்த இரண்டு எழுத்துதான். இவனே சரி என்று தலையாட்டிவிட்டு வந்தான்.

மேசைக்கு எங்கள் முறை வந்ததும் பெரியவர் "யாருக்கு?" என்று கேட்டார். இவன் அந்த இரண்டு எழுத்தைச் சொன்னான். அவர் நிமிர்ந்து பார்த்து, "அது கூப்பிடுற பேரு. வீட்ல வச்ச பேரு என்ன?" என்றார். இவன் சொன்னான். "ஒவ்வொரு எழுத்தா சொல்லு, எனக்கு ஒண்ணும் அவசரமில்லை." அவசரம் பக்கத்தில் நின்ற ஷோக்காரப் பையனுக்குத்தான், இரண்டு தடவை கடிகாரத்தைப் பார்த்தான்.

பேஸ்பாலுக்கு நீலப் பால்பாயின்ட் பேனாதான், மார்க்கர் வைத்தால் தோலில் ஊறிப் பரவிவிடும். பெரியவருக்கு விரல் முட்டிகள் வீங்கியிருந்தன, பந்தை உள்ளங்கையில் பிடிக்க முடியாமல் மேசையில் ஒரு துண்டை மடித்து அதன்மேல் வைத்துக்கொண்டார். முதலில் தையல் இரண்டும் நெருங்கி வருகிற இடத்தில், ஸ்வீட் ஸ்பாட் என்பார்கள், தன் கையெழுத்து. அது ஒரே இழுப்பு, ஆயுசு முழுக்கப் போட்ட கை. பிறகு பந்தைத் திருப்பி அவன் பெயர். அது அப்படி வரவில்லை, ஒவ்வொரு எழுத்தாக, ஒன்றாம் வகுப்புப் பிள்ளை மாதிரி எழுதினார். எட்டாவது எழுத்தில் சிவப்புத் தையல் குறுக்கே வந்துவிட்டது. மீதி மூன்று எழுத்தையும் தையலை ஒட்டியே வளைத்துக் கீழே இறக்கினார். ஃபூ என்று ஊதிக் காயவைத்து அவன் கையில் கொடுத்தார். 45 டாலருக்கு எனக்குக் கிடைத்தது இதுதான், இதற்கு மேல் அந்த டீலர் என்ன தந்துவிடுவார்?

என்ன தருவார் என்றுதான் அவரே சொன்னாரே. இவன் பந்தைக் கையில் வைத்துக்கொண்டு மேசை மேசையாகக் காட்டிக்கொண்டு போனான், காட்டத்தானே செய்வான். அந்த ஆள் கூப்பிட்டு வாங்கிப் பார்த்தார். உருட்டிப் பெயரைப் படிக்க ஆரம்பித்தார், நாலாவது எழுத்தோடு விட்டுவிட்டார். "அய்யோ, பேரை எழுதிக் கெடுத்துட்டீங்களே. வெறும் கையெழுத்தா இருந்தா நானே 60 டாலர் தருவேன். இதே பேர்ல இன்னொரு ஆள் கிடைச்சா வித்துப் பாருங்க." சொல்லிவிட்டுப் பக்கத்து மேசைக்காரரைப் பார்த்துச் சிரித்தார். அந்தச் சிரிப்பும் மார்க்கெட் நிலவரமா தம்பி?

சரி, மார்க்கெட்டுக்கே வருகிறேன். பெயர் எழுதிய கையெழுத்துக்குப் பொதுவாக விலை குறைவுதான், நான் ஒன்றும் நேற்று முளைத்தவன் இல்லை, 14 வருஷமாக ஷோ ஷோவாக அலைகிறவன். ஆனால் ஏன் குறைவு? வாங்குகிறவனுக்கு அதை மறுபடி விற்க வேண்டும், அதனால். விற்கிற எண்ணமே இல்லாதவனுக்கு அது எப்படிக் குறை ஆகும்? என் வீட்டு நிலைப்படியில் என் பிள்ளைகள் உயரத்தைக் கோடு போட்டு வைத்திருக்கிறேன், வீட்டை விற்கும்போது பெயின்ட் அடித்துக்கொள்ளலாம், அதற்காக இப்போதே ஒருவன் வந்து கதவைக் கெடுத்துவிட்டாய் என்பானா?

இதில் வேடிக்கை என்னவென்றால், பந்தில் எழுதுவதே தப்பு என்றும் இவர்கள் சொல்வதில்லை. அந்த 20 டாலருக்கு வருகிறேன். எம்விபி, அதாவது சீசனின் சிறந்த ஆட்டக்காரர் விருது வாங்கியவர் என்று எழுதினால் விலை கூடும், ஜாம்பவான்களைச் சேர்க்கிற ஹால் ஆஃப் ஃபேமில் இடம்பிடித்த ஆண்டைப் போட்டால் விலை கூடும். பீட் ரோஸ் என்று ஒரு பேஸ்பால் ஆட்டக்காரர், 4,256 ஹிட் அடித்தவர், பெட்டிங் விவகாரத்தில் 1989இல் ஆட்டத்தைவிட்டே தள்ளிவைக்கப்பட்டவர். "பேஸ்பால் மேல் பந்தயம் கட்டியதற்கு மன்னிக்கவும்" என்று பந்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பார், அதற்குக் கிராக்கி. அவர் மேல் எனக்குக் கோபமில்லை, 2024 செப்டம்பரில் சாவதற்கு முந்தின நாள்கூட டென்னசியில் ஒரு ஷோவில் உட்கார்ந்து கையெழுத்துப் போட்ட மனிதர். ஆனால் நியாயத்தைப் பாருங்கள். செய்த தப்புக்கு மன்னிப்பு எழுதினால் பந்தின் மதிப்பு கூடுகிறது, ஒரு சின்னப் பையன் பெயரை எழுதினால் பந்து கெட்டுப்போகிறது!

இன்னொன்று. 1990களில் கலிஃபோர்னியாவில் போலிக் கையெழுத்துக் கும்பலை எஃப்.பி.ஐ. பிடித்தது, ஆபரேஷன் புல்பென் என்று பெயர். அன்னை தெரசா கையெழுத்துப் போட்ட பேஸ்பால்கூட அவர்களிடம் இருந்தது. அன்னை தெரசா! பேஸ்பாலில்! யாருக்கு என்று பெயர் இல்லாத வெறும் கையெழுத்தைத்தான் மூட்டை மூட்டையாகச் செய்து யார் தலையிலும் கட்ட முடியும். என் அப்பா பெயரை, அதுவும் தையலை ஒட்டி வளைத்து, எவன் உட்கார்ந்து போலி செய்வான்? மறுபடி விற்கிறவர்கள் தொல்லை தாங்காமல் பெயரைச் சொன்னால்தான் கையெழுத்து என்கிற ஆட்டக்காரர்களும் உண்டு. அவர்கள் எல்லாரும் பந்தைக் கெடுக்கிறவர்களா?

"ஒருத்தர் 50 ஆயிரம் டாலருக்கு வாங்கின மேன்டில் கார்டு ஒரு கோடிக்கு மேல போச்சே அண்ணா, நாளைக்கு உங்க பையன் காலேஜ் ஃபீஸுக்கு ஆகும்ல?" என்று அக்கறையாகக் கேட்டவருக்கு. உண்மைதான், டாப்ஸ் என்கிற கார்டு கம்பெனி 1952இல் போட்ட, மிக்கி மேன்டில் என்கிற பேஸ்பால் நட்சத்திரத்தின் கார்டு அது, 1991இல் நியூயார்க் ஷோவில் வாங்கியது, 2022இல் 1.26 கோடி டாலர். அதே வரிசையில் விற்காமல் தேங்கிய கார்டுகளை அந்தக் கம்பெனியே 1960 வாக்கில் கடலில் கொண்டுபோய்க் கொட்டிய கதையையும் சேர்த்துச் சொல்லுங்கள். பிறகு 80களின் கடைசியில், நாளைக்கு விலை ஏறும் என்று எல்லாரும் பெட்டி பெட்டியாக வாங்கி வைத்தார்கள், கம்பெனிகள் அச்சடித்துத் தள்ளின, இன்றைக்கு அந்தக் கார்டுகளில் பெரும்பாலானவை நான் கிளறுகிற ஒரு டாலர் பெட்டிக்குள்கூட வருவதில்லை, மேசைக்கு அடியில் கிடக்கின்றன. ஃபீஸுக்கு நான் வேலைக்குப் போகிறேன், கவலை வேண்டாம்.

"ஊர்ல எத்தனையோ பிள்ளைங்க சாப்பாட்டுக்கு..." என்று ஆரம்பித்த அக்காவுக்குப் பதில் இல்லை. போன வாரம் நீங்கள் வாங்கிய பட்டுப்புடவைப் படத்துக்கு நான் லைக்தான் போட்டேன், கணக்குக் கேட்கவில்லை.

"நீங்களே கார்டைத் தொட்டா ரேகை படும்னு ஸ்லீவ்ல போட்டு வைக்கிற ஆளு" என்றார் இன்னொருவர். ஆமாம், வைக்கிறேன். அதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

அப்பா கதை ஒன்று சொல்ல வேண்டும், அதைச் சொல்லாமல் எனக்கு ஏன் இவ்வளவு கோபம் என்று புரியாது. 1986 செப்டம்பர், சேப்பாக்கம், இந்தியா ஆஸ்திரேலியா டெஸ்ட். அப்பா பொன்மலை ஒர்க்‌ஷாப்பில் லீவு சொல்லிவிட்டுக் கடைசி நாள் ஆட்டத்துக்குத் திருச்சியிலிருந்து போனார். காலையில் கேட்டுக்கு வெளியே ஒரு ஆட்டக்காரரிடம் கையெழுத்து வாங்கிவிட்டார். நோட்டு இல்லை, பேப்பர் இல்லை, சட்டைப்பையில் இருந்த பல்லவன் பஸ் டிக்கெட்டின் பின்பக்கம். சாயங்காலம் ரயிலைப் பிடிக்க வேண்டும் என்று ஆட்டம் முடியும் முன்பே எழும்பூர் கிளம்பிவிட்டார். 348 அடிக்க வேண்டிய இடத்தில் 347க்கு இந்தியா ஆல் அவுட், டெஸ்ட் வரலாற்றில் இரண்டாவது டை. அப்பாவுக்கு ரயிலில் பக்கத்து சீட்டுக்காரர் சொல்லித்தான் தெரியும். கடைசிவரை அதைச் சொல்லி அம்மா கேலி செய்வாள்.

அந்தக் கையெழுத்து யாருடையது என்று எங்களுக்கு இன்றுவரை தெரியாது. ஒரு சுழி, ஒரு கோடு, அவ்வளவுதான். சித்தப்பா ஒரு பெயர் சொல்வார், மாமா வேறு பெயர் சொல்வார், அப்பாவே வருஷத்துக்கு ஒரு பெயர் சொல்வார். ரேஷன் கார்டு உறைக்குள் வைத்திருந்தார், அவர் போனபிறகு நான் எடுத்துக்கொண்டு வந்தேன். யார் போட்டது என்று தெரியவில்லை, சரி, போகட்டும். யாருக்குப் போட்டது என்றும் அதில் இல்லை. நாளைக்கு நான் போய்ச் சேர்ந்தால் அது ஒரு பழைய பஸ் டிக்கெட், குப்பைக்குப் போகும். அந்த மகராசன் பக்கத்தில் அப்பா பெயரையும் எழுதியிருந்தால்! டிக்கெட்டில் இடம் இருந்திருக்காது, தெரியும்.

அதே பெயரைத்தான் போன சனிக்கிழமை ஒரு வெள்ளைக்காரப் பெரியவர் வீங்கிய விரலோடு பதினோரு எழுத்தும் விடாமல் எழுதிக் கொடுத்தார். அதைத்தான் ஒருவர் கெட்டுப்போச்சு என்றார். அதற்குத்தான் 38 லைக்.

விலை, போலி, டீலர் எல்லாம் கிடக்கட்டும். படத்தோடு எழுதும்போது நான் ஒன்றைச் சொல்லவில்லை. திரும்பி வரும்போது காரில் அரை மணி நேரம் இவன் பேசவே இல்லை. டர்ன்பைக் என்கிற ஹைவேயில் ஏறியபிறகு மெதுவாகக் கேட்டான், "அப்பா, பேரை மட்டும் அழிக்க முடியுமா?" வாசகத்தைக் கவனியுங்கள், கையெழுத்தை இல்லை, பேரை. ஷோவுக்குள் நுழையும்போது இல்லாத கேள்வி இது. அவனுக்கு அந்த 60 டாலர் வேண்டுமாம் என்று நினைத்துத் திட்டிவிட்டேன். வீட்டுக்கு வந்து அவன் அம்மாவிடம் சொன்னானாம், பணத்துக்காக இல்லை, நண்பர்கள் பார்த்தால் யார் பெயர் இது என்று கேட்பார்கள் என்று.

இப்போது பந்து அவன் மேசையில் பிளாஸ்டிக் டப்பாவுக்குள் இருக்கிறது, பெயர் சுவரைப் பார்த்த மாதிரி. நான் திருப்பி வைத்தால் அவன் மறுபடி சுவர்ப்பக்கம் திருப்பிவிடுகிறான். இதுவரை மூன்று தடவை ஆகிவிட்டது, இரண்டு பேரும் இதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

கமென்டில் விலை சொல்ல வருகிறவர்கள் தாராளமாக வாருங்கள், எனக்குப் பழகிவிட்டது. ஆனால் தோலில் ஏறிய மையை எப்படி அழிப்பது என்று யூடியூப் லிங்க் போட்டால் பிளாக் செய்வேன். இதுவரை இரண்டு பேரைச் செய்தாயிற்று, அதில் ஒருவன் என் சொந்த மச்சான்.